சிவகாசி நண்பருக்கு ஒரு கடிதம்

சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அச்சகப் பொறுப்பை மகளிடம் ஒப்படைத்துவிட்டீர்கள் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. இங்கே அனைவரும் நலம். மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டதால் எங்கள் அட்டைப்பெட்டிப் பட்டறையில் இரவிலும் வேலை நடக்கிறது.

இத்தனை தடைச் சட்டங்கள் வந்தும் பேக்கிங் தொழிலில் குப்பை ஏன் குறையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 2019 ஜனவரியில் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தபோது, பைக்கு மஞ்சப்பையும் தட்டுக்குப் பாக்குமட்டையும் கைவசம் இருந்தன. காப்பித் தூள் அடைக்கும் பவுச்சுக்கு அப்படி ஒரு மாற்று எளிதில் கிடைப்பதில்லை. பாலியெஸ்டர், அலுமினியத் தாள், பாலிதீன் மூன்றையும் ஒட்டிச் செய்யும் அந்த உறைதான் காற்றையும் ஈரத்தையும் தடுத்து மணத்தைக் காக்கிறது. ஆனால் ஒட்டியதை மறுபடி பிரிப்பது அரிது. எங்கள் தெருவுக்கு வரும் பழைய பொருள் வியாபாரி பால் கவரை எண்ணி எடுத்துக்கொள்கிறார், காப்பிப் பவுச்சை விரலால் ஒதுக்கிவிடுகிறார். பால் கவர் முழுக்கப் பாலிதீன் என்பதால் அதற்கு விலை உண்டு.

தடுப்புத் திறனுள்ள, ஏறக்குறைய முழுவதும் பாலிதீனாலான பிலிம் இப்போது சந்தையில் இருக்கிறது. ஏற்காட்டுச் சிறு காப்பி எஸ்டேட்காரர்கள் சிலர் அதற்கு மாற ஆசைப்படுகிறார்கள். ஆனால் பிலிமில் அச்சிடும் கிரேவியூர் முறையில் நிறத்துக்கு ஓர் உலோக உருளை (சிலிண்டர்) செதுக்க வேண்டும், குறைந்தபட்ச ஆர்டரே ஒரு சிறு எஸ்டேட்டின் பல ஆண்டுத் தேவைக்கு மேல் போகும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்துப் பேர் சேர்ந்து அச்சில்லாத ஒரே பிலிமை வாங்கி, அவரவர் பெயரைப் பாலிதீன் லேபிளில் ஒட்டிக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும் என்பது என் உறுதியான எண்ணம். காகித லேபிள் வேண்டாம். அது மறுசுழற்சியில் பிலிமைக் கெடுக்கும்.

போட்டியாளர்கள் எப்படிச் சேர்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஜெர்மனியில் கனிமநீர் நிறுவனங்கள் 1969-இல் தங்களுக்குள் பொதுவான 0.7 லிட்டர் கண்ணாடிப் பாட்டிலைத் தேர்ந்துகொண்டன. ஒருவர் விற்ற பாட்டிலை இன்னொருவர் கழுவி நிரப்பலாம், லேபிள் மட்டும் மாறும். காலிப் பாட்டில் பக்கத்து ஆலைக்கே போய்ச் சேர்வதால் லாரி ஓடும் தூரமும் குறைகிறது. அவ்வளவு தூரம் போவானேன், நம் சேலத்திலேயே ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்களே! விற்பனைக்காகக் கூடியவர்கள் உறைக்காகவும் கூடலாம். விலையைக் கூடிப் பேசி நிர்ணயிப்பது சட்டத்துக்குப் புறம்பானது. அளவையும் பொருளையும் பொதுவாக்குவது அப்படியன்று. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் தயங்குகிறார்கள்.

எங்கள் பெட்டித் தொழிலிலும் இதே கதைதான். மாம்பழ மண்டிக்காரர்கள் ஆளுக்கோர் அளவு கேட்கிறார்கள். காகித ரீலின் அகலத்துக்குப் பொருந்தாத அளவென்றால் ஓரம் வெட்டி விழுகிறது. அது காகித மில்லுக்குத் திரும்பினாலும், ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிக் காகிதத்தின் வலு குறைந்துகொண்டே போகிறது. மரவள்ளி மாவில் காஸ்டிக் சோடாவும் போராக்ஸும் சேர்த்துக் காய்ச்சும் எங்கள் பசை தண்ணீரில் கரைந்துவிடும். பெட்டியின் மேல் அழகுக்காக ஒட்டச் சொல்லும் பிளாஸ்டிக் லேமினேஷன்தான் மில்லில் தொல்லை தருகிறது. மண்டிக்காரர்கள் இரண்டே அளவுகளுக்கு ஒப்புக்கொண்டு, வேண்டிய எண்ணிக்கையைப் பருவத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்தால், நாங்களும் லேமினேஷன் இல்லாத கெட்டியான பெட்டியைக் கட்டுப்படியான விலைக்குத் தரலாம். வாங்குபவர் உறுதி தராதவரை செய்பவர் மட்டும் செலவைச் சுமப்பது நடக்காத காரியம்.

மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு விதிகள், நெகிழும் பிளாஸ்டிக் உறைகளில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கின் பங்கை 2025-26-இல் 10 சதவீதம் என்றும் 2028-29-இல் 20 சதவீதம் என்றும் வகுத்திருக்கின்றன. சேகரிப்பவரோடும் மறுசுழற்சி ஆலையோடும் இப்போதே பேசி வைக்காவிட்டால் அந்தப் பொருள் எங்கிருந்து வரும்?

ஏற்காட்டுக்காரர்களை அடுத்த மாதம் ஒன்றாக உட்கார வைக்க ஏற்பாடு செய்கிறேன். அச்சில்லாத அந்தப் பிலிமைக் குறைந்தபட்சம் எத்தனை கிலோ எடுக்க வேண்டும், லேபிளுக்கு என்ன செலவாகும் என்று மகளிடம் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் அவரையே அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சேலத்து நண்பன்