ஆமை முட்டைக்கு வேலி வேண்டும், இரும்பு வேண்டாம்

கடலோர ஆமை முட்டைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். தெகிவளையில் றெயில் பாதைக்கும் அலைக்கும் நடுவே மிஞ்சிக் கிடக்கும் ஒடுங்கிய மணலில் பங்குனி ஆமை முட்டையிட்ட விஷயத்தை உங்களுக்கு அறிவித்ததே எங்கள் ஒழுங்கைக்காரர்தான். மறுநாளே ஆள் அனுப்பி வேலி போட்டீர்கள். அதற்கு நன்றி. இல்லாவிட்டால் தெருநாய்கள் ஒரே இரவில் கிண்டித் தின்றிருக்கும்.

ஆனால் போட்டது இரும்பு வேலி. நாலு மூலைக்கும் கொங்கிரீட் கம்பி, சுற்றிவரவும் மேலேயும் கல்வனைஸ் வலை. அதை எடுத்துவிட்டு மூங்கிலும் நைலோன் வலையுமாக மாற்றித் தாருங்கள் என்று நேரிலும் கேட்டேன், எழுத்திலும் தந்தேன். இரும்பு, முட்டைகளைச் சுற்றியுள்ள பூமியின் காந்தப்புலத்தைக் குழப்பும் என்பதுதான் என் கவலை.

நான் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். வீட்டில் கிடந்த திசைகாட்டியைக் கொண்டுபோய் மணலில் வைத்தேன். வேலியிலிருந்து பத்தடி தள்ளி ஊசி ஒழுங்காக வடக்கைக் காட்டியது. மூலைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் கம்பிப் பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது. மேல் வலையின் நடுவில் வைத்தாலும் வடக்கு சரியாக வரவில்லை. அதற்கு நேர் கீழேதான் முட்டைகள். தண்டவாளமும் இரும்புதானே என்பீர்கள். அது தூரத்தில் இருக்கிறது. இரும்பின் குழப்பம் தூரத்தோடு மளமளவென்று குறைந்துவிடும். உங்கள் கம்பியோ முட்டையிலிருந்து இரண்டு முழத்தில் நிற்கிறது.

இதை உங்கள் கந்தோரில் விளக்கியபோது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில்: “முட்டை என்ன ஆணியா மாஸ்டர், காந்தத்தில் ஒட்டுவதற்கு?” பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன்.

ஆமைக் குஞ்சு கடலில் வழி பிடிப்பதற்குப் பூமியின் காந்தப்புலமும் ஒரு துணை. அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் கென்னத் லோமனும் அவருடைய குழுவினரும் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். முட்டைக் குழிகளைச் சுற்றிப் போடும் கல்வனைஸ் கம்பிக் கூடுகள் அங்குள்ள காந்தப்புலத்தைத் திரிக்கின்றன என்று 2004இலேயே எழுதினார்கள். 2014இல் இன்னொரு படி மேலே போனார்கள். பெருந்தலை ஆமை முட்டைகளில் ஒரு பகுதியை இயல்பான புலத்திலும், மறு பகுதியைச் சுற்றிவரக் காந்தம் வைத்தும் அடைகாத்தார்கள். பிறகு குஞ்சுகளை, போர்த்துக்கலுக்கு அப்பால் கடலில் இருக்கும் காந்தப்புலத்தைச் செயற்கையாக உண்டாக்கி நீந்தவிட்டார்கள். இயல்பாகப் பொரித்தவை போக வேண்டிய தெற்குப் பக்கம் போயின. காந்தத்துக்குள் வளர்ந்தவை ஆளுக்கொரு திசையில் போயின. அங்கே வைத்தது காந்தம், இங்கே இருப்பது வெறும் கம்பி என்பது எனக்கும் தெரியும். பாதிப்பு அந்த அளவுக்கு இராமல் போகலாம். ஆனால் மூங்கிலில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லையே.

செல்போன் கோபுரத்தைக் கண்டு பயப்படும் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட வேண்டாம். 1982இல் ஸ்பெயினில் டெல்காடோ குழுவினர், நலிந்த காந்தத் துடிப்புகள் கோழி முளையங்களை, அதாவது முட்டைக்குள் வளரும் கருக்களை, விகாரப்படுத்துகின்றன என்றார்கள். அதைச் சரிபார்க்க ஆறு ஆய்வுகூடங்கள் ஒரே மாதிரிக் கருவிகளோடு இறங்கின. 1990இல் வெளியான முடிவில் இரண்டு கூடங்களில்தான் தெளிவான வித்தியாசம் தெரிந்தது. மின்கம்பிகளில் இருந்து வருவது போன்ற புலங்களைப் பற்றி 2007இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மீளாய்வும், பாலூட்டிகளின் முளையங்களில் பெரிய விகாரங்களுக்குச் சான்றில்லை என்றே சொன்னது. ஆகவே முட்டை கூழாகிவிடும், குஞ்சு இரண்டு தலையோடு வரும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. குஞ்சு பார்வைக்கு முழுசாகத்தான் வரும். நீங்களும் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பீர்கள். அது நடுக்கடலில் திசை தவறினால் எந்தப் பதிவேட்டில் ஏறப்போகிறது?

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபின் இந்தக் கரைகளில் செத்து ஒதுங்கிய ஆமைகளைப் பார்த்தவர்கள் நாங்கள். கப்பலை நிறுத்த எங்களால் முடியாது. கம்பியைக் கழற்ற உங்களால் முடியும். எனக்கு வந்த பதிலில், என் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளதாக இருக்கிறது. தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில். தமிழும் அரச கரும மொழி என்று அரசியல் யாப்பில் இருப்பது யாப்பிலேயே இருக்கட்டும், அதைப் பேச இது இடமில்லை. அந்த உரிய பிரிவு எது என்றாவது சொல்லியிருக்கலாம். எந்த மேசைக்குப் போனாலும் அது மற்ற மேசையாக இருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். மணலைக் கிண்ட வேண்டாம், முட்டைகளை அசைக்கவே வேண்டாம். இப்போது புரட்டினால் உள்ளிருக்கும் முளையம் செத்துவிடக்கூடும். இரும்பை மட்டும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் மூங்கிலும் நைலோன் வலையும் கட்டித் தாருங்கள். செலவை ஒழுங்கைக்காரர் ஏற்கிறோம். மூங்கிலுக்கு ஆளும் பார்த்து வைத்திருக்கிறோம். சட்டப்படி நாங்கள் கைவைக்க முடியாது என்பதால்தான் உங்களைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அனுமதிக் கடிதம் எந்த மொழியில் வந்தாலும் சரி, குஞ்சு வெளியே வருவதற்கு முன்னம் வந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
தெகிவளை.