நால்வரை ஒரே மாணவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இசைக் கல்லூரித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இசைக் கல்லூரித் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். மேற்கத்திய செவ்வியல் இசை கற்பிக்கும் கல்லூரிகளின் கையேடுகளைப் புரட்டினால் ஒரு படம் தவறாமல் கண்ணில் படும். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ; நான்கு இளைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசிக்கிறார்கள். படம் அழகுதான். ஆனால் அந்த நால்வருக்கும் பாடத்திட்டத்தில் என்ன இடம் என்று தேடினால், பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும் பருவ முடிவில் ஒரு சின்னக் கச்சேரியும்தான். மீதி நேரமெல்லாம் அவர்கள் நான்கு தனி மாணவர்கள்.

நான் வியோலா வாசிப்பவன். அந்தப் படத்தில் இருப்பதுபோன்ற நால்வர் குழுவில், அதாவது குவார்டெட்டில், வாசித்தும், சொல்லிக்கொடுத்தும் பிழைக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: சேர்ந்து வாசிக்க விரும்பி வருகிற நால்வரை, படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்காவது ஒரே மாணவராக நடத்துங்கள். சேர்க்கை, வகுப்பு, ஒத்திகை அறை, தேர்வு எல்லாமே நால்வருக்கும் சேர்த்து. சில கல்லூரிகள் முதுநிலையில் ஒரு குவார்டெட்டை உதவித்தொகை கொடுத்து வைத்துக்கொள்கின்றன என்பது தெரியும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஏற்கெனவே தேறிவிட்ட ஒரு குழுவுக்குத்தான் அந்த இடம் கிடைக்கிறது. தேறுவதற்கு இடம் எங்கே?

ஒரு வயலின் மாணவர் பட்டம் வாங்க என்ன வாசிக்கிறார்? பாக்கின் தனி வயலின் படைப்பு ஒன்று, பகனினியின் கப்ரீஸ் (விரல் வித்தை காட்டும் சிறு படைப்பு) ஒன்று, ஆர்கெஸ்ட்ராவோடு தனி வாத்தியம் வாசிக்கும் பெரிய கன்செர்ட்டோ ஒன்று. அப்புறம் ஆர்கெஸ்ட்ரா ஆடிஷனுக்காக ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘டான் யுவான்’ முதல் பக்கத்தை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிக்கும் அளவுக்கு உருப்போடுகிறார். சோலோ கலைஞராகவே காலம் தள்ளுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் ஒரு நாற்காலி காலியானால் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. மற்றவர்கள் பாடம் சொல்லிக்கொடுத்து, வராதவருக்குப் பதிலாகப் போய் வாசித்து, சிறு குழுக்களில் சேர்ந்து நாளை ஓட்டுகிறார்கள். அந்தச் சிறு குழு வேலைக்குத்தான் நீங்கள் கொடுக்கும் பயிற்சி மிகக் குறைவு.

“தனியாக நன்றாக வாசிக்கிற நால்வர் சேர்ந்தால் நன்றாகத்தானே இருக்கும்?” என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். அவருக்காக ஒரு சின்னச் சோதனை. ஒரு செல்லோவையும் ஒரு வயலினையும் ‘ஏ’ தந்தியில் ஒன்றுசேர்த்துவிட்டு, மற்றத் தந்திகளைத் துளியும் பிசகாத ச-ப இடைவெளிகளாகச் சுருதி கூட்டச் சொல்லுங்கள். பிறகு செல்லோவின் அடித் தந்தியான ‘சி’யையும் வயலினின் மேல் தந்தியான ‘ஈ’யையும் விரல் வைக்காமல் ஒன்றாக இழுக்கச் சொல்லுங்கள். அந்த ‘ஈ’ குத்தும். யாரும் தப்பாகச் சுருதி கூட்டவில்லை. தூய ச-ப இடைவெளியை நான்கு முறை அடுக்கினால் கிடைக்கும் ‘ஈ’, அடியில் இருக்கும் ‘சி’க்குச் சுத்தமான அந்தர காந்தாரமாக நிற்க வேண்டிய ‘ஈ’யைவிட 81-க்கு 80 என்ற விகிதத்தில் உயர்ந்துதான் இருக்கும். அரை ஸ்வர இடைவெளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பழகிய காதுக்கு அது நிறையவே.

அதனால்தான் குவார்டெட்காரர்கள் பலர் அந்த இடைவெளிகளை மயிரிழை குறுக்கி, வியோலா, செல்லோ இரண்டின் ‘சி’ தந்தியையும் சற்றே ஏற்றிக் கட்டுகிறார்கள். அதோடும் முடிவதில்லை. என் விரலடியில் இருக்கும் ஒரே ஸ்வரம், நால்வரும் சேர்ந்து நிறுத்தும் கார்டில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) காந்தாரமாக வந்தால் கொஞ்சம் இறங்க வேண்டும். மெட்டில் மேல் ஷட்ஜத்துக்குத் தாவப்போகும் நிஷாதமாக வந்தால் கொஞ்சம் ஏற வேண்டும். யாருக்காக யார் விட்டுக்கொடுப்பது என்பதை வரிக்கு வரி பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. பியானோத் துணையோடு மட்டும் பழகியவருக்கு இந்தப் பேரமே தெரியாது. பியானோவின் ஸ்வரங்கள் யாருக்காகவும் அசைவதில்லை.

நல்ல குழு ஒன்றின் ஒத்திகையில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரே ஒரு கார்டுக்குக் கால் மணி நேரம் போகும். செல்லோக்காரர் அடி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதன் மேல் பஞ்சமம் வந்து உட்காரும். கடைசியாகக் காந்தாரம் வைத்திருப்பவர், பல நேரம் இரண்டாம் வயலினோ வியோலாவோ, வைப்ராட்டோவை (விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்கவிடுவதை) நிறுத்திவிட்டு விரலை இம்மி இம்மியாக உருட்டி இடம் தேடுவார். நால்வரும் சரி என்று தலையாட்டுவார்கள். அதையே நிஜ வேகத்தில் வாசித்ததும் மறுபடி கலைந்துபோகும். பீத்தோவன் 1826இல் எழுதி முடித்த ஓபஸ் 131 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) என்ற, குவார்டெட்டுக்கான படைப்பு ஏழு பகுதிகள் கொண்டது. இடையில் நிறுத்தம் கிடையாது, ஏறக்குறைய 40 நிமிடம் ஓடும். வழியில் தந்தி இறங்கினால் முறுக்கிச் சரிசெய்ய வாய்ப்பில்லை, விரலால் சமாளித்துக்கொண்டே போக வேண்டும். வாரம் ஒரு மணி நேரத்தில் இதை எப்படிக் கற்றுக்கொடுப்பீர்கள்? நான் படித்த இடத்தில் ஒத்திகை அறைப் பதிவேட்டில் ஒருவர் பெயரை மட்டும்தான் எழுத முடியும். நால்வரும் முறைவைத்து ஆளுக்கு ஒரு நாள் பொய்க் கையெழுத்துப் போட்டோம்.

பெயர் பெற்ற குழுக்கள் எப்படி உருவாயின என்று பாருங்கள். டக்காச் குவார்டெட் 1975இல் புடாபெஸ்டின் லிஸ்ட் அகாதெமியில் நான்கு மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. வியன்னாவின் ஆல்பன் பெர்க் குவார்டெட், 1970இல் தொடங்கிய கையோடு அமெரிக்காவின் சின்சினாட்டிக்குப் போய் லாசால் குவார்டெட்டிடம் குழுவாகவே பாடம் கேட்டது. ஒரு முழுக் குழு இன்னொரு முழுக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தது என்பதுதான் இதில் விஷயம்.

இரண்டாம் வயலினைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர்களிடம் அதைக் கொடுத்தால் பதவி இறக்கிவிட்டதுபோல் முகம் வாடுகிறது. உண்மையில் குழுவிலேயே கஷ்டமான நாற்காலி அதுதான் என்பது என் கட்சி (வியோலாக்காரன் சொல்கிறேன், நம்பலாம்). எமர்சன் குவார்டெட் 1976 முதல் 2023 வரை வாசித்தது; அதன் இரண்டு வயலின்காரர்களும் முதல் இடத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். தேர்வில் இதைக் கட்டாயமாக்கினால் பாதிச் சண்டை தீரும்.

மீதிச் சண்டை பணத்தால் வருவது. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 1966இலேயே இதன் வேரைக் காட்டிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஒரு மணி நேர உழைப்புக்கு உற்பத்தி கூடிக்கொண்டே போகிறது. கச்சேரி மேடையில் அப்படிக் கூடுவதில்லை. ஓபஸ் 131-க்கு அன்றும் நாலு பேர், 40 நிமிடம், இன்றும் அதேதான். ஆனால் வாடகையும் சம்பளமும் மற்றத் தொழில்களோடு சேர்ந்து ஏறுகின்றன. கச்சேரித் தொகையில் ஏஜென்ட்டின் கமிஷன் போக, பயணச் செலவு போக, மிஞ்சுவது நான்காகப் பிரியும். விமானம் என்றால் ஐந்து டிக்கெட், செல்லோவுக்கும் ஒரு இருக்கை வேண்டுமே. 2011இல் ஒரு ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் 1.59 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்த உயரம் நமக்கு வேண்டாம். ஆனால் தொழிலுக்கு ஏற்ற சுமாரான ஒரு பழைய வாத்தியம் வாங்கவே இளம் கலைஞர்கள் கடனில் இறங்குகிறார்கள். ஒப்பந்தம் படிப்பது, வருமானத்தைப் பிரிப்பது, ஒருவர் நோயில் படுத்தால் மற்ற மூவர் என்ன செய்வது என்பதையெல்லாம் படிக்கும்போதே நால்வரும் உட்கார்ந்து எழுதிப் பழக வேண்டும். நட்பு இருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போட்ட குழுக்கள் உடைந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லூரியின் இருப்பில் நல்ல வாத்தியங்கள் இருந்தால், ஒலியில் ஒத்துப்போகும் நான்கை எடுத்து அந்தக் குழுவுக்கு இரவல் கொடுங்கள்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். தனி வகுப்பு ஆசிரியர்கள், மாணவரின் கை கெட்டுப்போகும் என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வில்லும் விரலும் பக்குவப்படாத முதல் இரண்டு ஆண்டுகளில் குவார்டெட்டில் மூழ்குவது நல்லதில்லை. அதனால்தான் கடைசி இரண்டு ஆண்டுகளைக் கேட்கிறேன். அப்போதும் தனி வகுப்பு தொடரட்டும்.

ஒருவர் நடுவில் விலகினால் என்ன செய்வது என்று நிர்வாகம் கேட்கும். விலகத்தான் செய்வார்கள். ஆமடேயஸ் குவார்டெட் நாற்பது ஆண்டுகள் அதே நால்வராக வாசித்து, 1987இல் அதன் வியோலாக்காரர் பீட்டர் ஷிட்லாஃப் இறந்ததும் கலைந்துவிட்டது. குவார்னேரி குவார்டெட்டில் 2001இல் செல்லோக்காரர் டேவிட் சோயர் ஓய்வு பெற்றபோது, அவருடைய மாணவர் பீட்டர் வைலி அந்த நாற்காலிக்கு வந்து, குழு 2009 வரை வாசித்தது. ஆள் மாறுவதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம். விலகுகிறவர் தனி மாணவராகத் தொடரலாம், மற்ற மூவரும் அடுத்த பருவத்துக்குள் ஒருவரைத் தேடிக்கொள்ளலாம் என்று விதியில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

முதல் முயற்சிக்கு ஒரே ஒரு குழு போதும். தேர்வுக்கு ஹைடனின் ஓபஸ் 20-இல் ஒன்று, பீத்தோவனின் ஓபஸ் 18-இல் ஒன்று, வாழும் இசையமைப்பாளர் ஒருவரின் படைப்பு ஒன்று என்று வையுங்கள். நால்வருக்கும் ஒரே மதிப்பெண் போடுங்கள். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்வீர்கள் என்றால், விதிகளின் வரைவை எழுதித்தர நானும் என் சக கலைஞர்களும் தயார்.

இப்படிக்கு,
ஒரு வியோலா கலைஞர்