சாக்கடைச் சுவர் அன்று, படகுகள் கடந்த லாக்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கிழக்குக் கடற்கரைச் சாலைச் சுற்றுலா பற்றிய கட்டுரையில், சென்னைக்கும் மரக்காணத்துக்கும் இடையே பக்கிங்காம் கால்வாயில் இடிந்து நிற்கும் பழைய லாக்கின், அதாவது இருபுறமும் கதவு வைத்துப் படகை நீர்மட்டம் மாற்றிக் கடத்திவிடும் தொட்டியின், படத்தைப் போட்டு, ‘சாக்கடை நீரைத் தடுக்க வெள்ளைக்காரர் கட்டிய சுவர்’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் இன்று அது சாக்கடையாக ஓடுவதால், வெட்டிய நாளிலிருந்தே சாக்கடைதான் என்று தங்கள் நிருபர் முடிவு கட்டிவிட்டார் போலும்.

தாங்கள் அறியாததன்று: கால்வாய் ஆறுகளைக் குறுக்கிடும் இடங்களில், கடலோதத்தாலும் வெள்ளத்தாலும் அதன் நீர்மட்டம் குலையாதிருக்கவே லாக்குகளைக் கட்டினார்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை அடைத்து, மதகு வழியே நீரை விட்டோ வடித்தோ, உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றான பிறகே முன்கதவைத் திறப்பார்கள். மரக்காணத்து உப்பு இவற்றைக் கடந்துதான் சென்னைக்குப் போயிற்று. என் தகப்பனார் உப்புப் படகில் கழி ஊன்றியவர். சிறுவயதில் நானும் உடன் போயிருக்கிறேன். முறை வரும்வரை படகுக்காரர்கள் லாக்கின் கரையிலேயே உலை வைத்துச் சோறு பொங்குவார்கள். சாக்கடையோரத்தில் எவரும் சோறு பொங்கி நான் பார்த்ததில்லை.

இந்தக் கால்வாய்க்கு நேர்ந்த அவமதிப்பு இது முதலாவதும் அன்று. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வயிற்றுக்கில்லாதவர்கள் கூலிக்கு வெட்டினார்கள். பெயர் மட்டும் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று. 1965, 1966 புயல்களில் சிதைந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவர யாரும் முனையவில்லை. 2008-இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். தாங்களும் மகிழ்ந்து தலையங்கம் தீட்டினீர்கள். மரக்காணத்துக்கு இன்றுவரை ஓர் உப்புப் படகும் திரும்பவில்லை. எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற சுவர்களுக்கு மஞ்சள் பூசிப் படம் எடுக்கிறோம். உப்புப் படகுக்காரர் புழங்கிய சுவரில் மட்டும் வேலிக்கருவை முளைத்துக் கிடக்கிறது. செங்கல் பெயர்த்துச் செல்லப்படுவதை ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். அது தம் அலுவலக எல்லைக்குள் வராது என்று பதில் வந்தது. தங்களுக்கும் எழுதினேன். இடமின்மையால் வெளியிட இயலவில்லை என்று அறிவித்த அதே வாரம், இணைப்பில் ஒரு முழுப்பக்கம் வீட்டுமனை விளம்பரம் இருந்தது.

எனக்கு வேண்டியது படக்குறிப்புக்கு இரண்டு வரித் திருத்தம். மனை விளம்பரத்துக்கு அடியில் இடம் கிடைத்தாலும் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.