லயத்து ரொட்டியும் ஒரு சமையல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் சமையல் பக்கத்தில் வாராவாரம் கேக்கும் புடிங்கும் வருகின்றன. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்து ரொட்டி ஒருமுறைகூட வரவில்லை.

விடியுமுன்னே அம்மா கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, சுடுதண்ணி தெளித்துப் பிசைவார். உள்ளங்கையிலேயே தட்டி, விறகடுப்பில் ஓரம் லேசாகக் கருகும்வரை சுடுவார். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய் வைத்து அம்மியில் அரைத்த சம்பல். கடைசியில் தேசிக்காய்ப் புளி. கொழுந்து பறிக்கும் மலையில் ஆறிப்போன ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுத் தின்றாலும் பசி தாங்கும். 2022இல் மாவு விலை ஏறியபோது பாதிக்குப் பாதி குரக்கன் (கேழ்வரகு) மாவு கலந்தோம். அதுவும் ருசிதான்.

கொழும்பில் வேலை செய்யும் என் மகள் கடை ரொட்டி வாங்கித் தின்கிறாள். அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகவாவது போடுங்கள். செய்முறையை நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹட்டன்