எங்கள் மடற்குழுவை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

சென்ற ஞாயிறு காலை எங்கள் வாசிப்பு வட்டத்தின் மடல் உறுப்பினர்கள் 138 பேருக்கும் போய்ச் சேர்ந்தது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இதற்காக எட்டு மாதம் உழைத்தவர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. யார் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இந்த மடல்.

ஒருவர் எழுதும் மின்மடல் எல்லா உறுப்பினர்களுக்கும் போய்ச் சேர்வதுதான் மடற்குழு. அதற்காகப் பல ஆண்டுகள் நம்பியிருந்த இலவசக் குழுச் சேவை மூடப்பட்டபோது, கைபேசிச் செயலியில் ஒரு குழு தொடங்கினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அது போதாது. நான்கு பக்கம் எழுதுகிறவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அதை நிதானமாகப் படித்து மூன்று நாள் கழித்துப் பதில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ் இணையம் நடை பழகியதே மடற்குழுக்களில்தான். 1997 மே மாதம் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று இதே சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டிய அந்த ஆண்டுகளில், கணினித் தமிழுக்குப் பொதுக் குறியேற்றம், அதாவது எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் பொது முறை, வேண்டும் என்ற விவாதம் நாடு நாடாக மின்மடல்களில் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்கி குறியேற்றம் அப்படி உருவானதுதான். அந்த வழக்கத்தைக் கைவிட மனம் வரவில்லை. இனி சொந்தக் களப்பெயரில், அதாவது நமக்கே உரிய இணைய முகவரியில், நம் பொறுப்பிலேயே நடத்துவோம் என்று முடிவெடுத்தோம்.

களப்பெயரைத் தமிழிலேயே வாங்க எனக்கு ஆசை. 'டாட் சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் உயர்நிலைக் களம் 2011 முதல் இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத அஞ்சல் அமைப்புகள் இன்னும் ஏராளம் என்பதால், மடல்களுக்கு ஆங்கில எழுத்தில் முடியும் டாட் எஸ்ஜி முகவரியை வைத்துக்கொண்டோம். அந்த ஆசையை நான் விட்டுவிடவில்லை.

உட்லண்ட்ஸ் தம்பி, முதல் நன்றி உங்களுக்கு. தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த நாட்களை எங்களுக்குக் கொடுத்தீர்கள். வாடகை சர்வரில் அஞ்சல் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸையும் மடற்குழுவை நடத்தும் மென்பொருளான மெயில்மேன் 3-ஐயும் நிறுவினீர்கள். அஞ்சல் வெளியே போகும் 25ஆம் எண் வாயில் பூட்டிக் கிடந்தது. எரிதம் எனும் வேண்டாத விளம்பர மடல்களை அனுப்புகிறவர்களுக்கு அஞ்சிப் பல வாடகை நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. நாங்கள் யார், என்ன அனுப்புவோம் என்று விளக்கி எழுதி அதைத் திறக்க வைத்தீர்கள். எங்கள் பெயரில் மடல் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப், மடலில் முத்திரை குத்தும் டிகிம், இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் ஆகிய மூன்றையும் கோப்பிக்கடை மேசையில் தாளில் படம் போட்டு எனக்குப் புரியவைத்தீர்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்து செம்பவாங் ஐயா. உங்கள் தந்தை வேலை பார்த்த கடற்படைத் தளத்தின் கதையை, பிரிட்டிஷார் 1971இல் வெளியேறியது வரை, நாளுக்கொரு மடலாக எழுதத் தொடங்கினீர்கள். ஐந்தாம் நாள் முடிவில் 31 பேருக்கு மடல் வருவதே நின்றுபோனது. உங்கள் எழுத்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். நடந்ததை விரிவாகவே சொல்கிறேன் ஐயா. உங்கள் அஞ்சல் நிறுவனம், தன் முத்திரை இல்லாத மடலை ஏற்க வேண்டாம் என்று உலகுக்கு அறிவித்திருக்கிறது. எங்கள் சர்வர் உங்கள் மடலின் தலைப்பில் குழுப் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்த்ததால் அந்த முத்திரை உடைந்தது. பெறுகிற நிறுவனங்கள் மடலைத் திருப்பி அனுப்பின. திரும்பிய ஒவ்வொரு நாளுக்கும் மெயில்மேன் பெறுநரின் கணக்கில் ஒரு புள்ளி ஏற்றியது. ஐந்து புள்ளி சேர்ந்ததும் அவருக்கு மடலையே நிறுத்திவிட்டது. 2014இல் சில பெரிய அஞ்சல் நிறுவனங்கள் இந்த விதியை இறுக்கியபோது உலகெங்கும் மடற்குழுக்கள் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தன. உங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் தெம்பனிஸில் இருக்கும் பொறியாளர் அண்ணன். இரவுப்பணி முடிந்து வந்து, திரும்பிய மடல்களின் பதிவுகளை வரி வரியாகப் படித்தார். இப்போது அனுப்புநர் இடத்தில் எழுதியவரின் பெயரோடு குழுவின் முகவரி நிற்கிறது. பதில் எழுதினால் உரியவருக்கே போகிறது. அந்த 31 பேரையும் அவரே மீண்டும் சேர்த்துவிட்டுத்தான் தூங்கப் போனார். அண்ணே, அன்று காலை உங்களுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வார்த்தை வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு நாளின் மடல்களை ஒன்றாகத் தொகுத்து அனுப்பும் அன்றாடத் திரட்டு மடலில் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக வருகிறது என்று பொறுமையாகத் தெரிவித்த ஈசூன் பாட்டிக்கும் நன்றி. அந்தத் திரட்டின் குறியேற்றம், தமிழ் எழுத்துகளைத் தாங்கும் யூடிஎஃப்-8க்கு மாற்றப்படாமல் இருந்தது. மற்றவர்கள் மடலை ஒவ்வொன்றாகப் பெற்றதால் யாருக்கும் இது தெரியவில்லை.

ஜூரோங் அக்கா, உங்களைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. மூடப்பட்ட சேவையோடு பழைய மடல்கள் எல்லாம் போய்விட்டன என்றே இருந்தோம். மறைந்த உங்கள் கணவர் அத்தனை மடல்களையும் தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளில் ஆண்டுவாரியாகச் சேமித்திருந்தார். அந்தக் கணினியை அவர் போன பிறகு நீங்கள் திறக்கவே இல்லை. எங்களுக்காகத் திறந்தீர்கள். சொந்தக் கடிதங்களை நீக்கிவிட்டு, குழு மடல்களை மட்டும் ஒரு வட்டில் கொடுத்தீர்கள். இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடு தமிழில் பரவுவதற்கு முந்திய டிஸ்கி மடல்களைத் தம்பி அதற்கு மாற்றினார். எல்லாம் இப்போது ஆவணப் பகுதியில் உறுப்பினர்கள் மட்டும் படிக்கும்படி இருக்கின்றன. உங்கள் கணவர் எழுதிய பதில்களும் அங்கே அவர் பெயரிலேயே இருக்கின்றன, அக்கா.

பழைய பட்டியலை அப்படியே ஏற்றாமல், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் கேட்ட மூன்று சகோதரிகளுக்கும் நன்றி. வேண்டாம் என்ற 12 பேரை அவர்கள் வற்புறுத்தவில்லை. புதியவர்களின் முதல் மடலைப் படித்துப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்தல் வேலையையும் அவர்களே முறை வைத்துச் செய்கிறார்கள்.

செம்பவாங் ஐயா, ஐந்தாம் மடலில் உங்கள் தந்தை சம்பள நாளன்று தளத்தின் வாயிலில் உங்களுக்காகக் காத்து நிற்கிறார். ஆறாம் மடல் இன்னும் வரவில்லை. ஞாயிறு முதல் நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

அன்புடன்,
வட்டத்தின் செயலாளர்