எறும்புப் படம்

ஸ்காபரோ
கார்த்திகை 21

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். மச்சாளிடம் கொடுத்துவிட்ட கடிதமும் பனங்கட்டியும் புழுக்கொடியலும் கிடைத்தன. உங்கள் கையெழுத்தைக் கண்டதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு நாளும் ஒழுங்காகக் கதைக்காததற்குக் கோபிக்க வேண்டாம். இரவு வேலை, அவ்வளவுதான்.

குளிர் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் தன் அத்திமரத்துக்குப் பழைய கம்பளியைச் சுற்றிக் கயிறு கட்டுகிறார். வேலியோரப் புல்லைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற மனிதர் அவர். நான் இருக்கும் பேஸ்மென்டில் சன்னல் புல் மட்டத்தில்தான் இருக்கிறது. கட்டிலில் படுத்தபடி பார்த்தால் புல்லின் அடித்தண்டு தெரியும். புரட்டாதி வரைக்கும் ஓர் எறும்பு கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஸ்னோ மூடிவிட்டது.

போன சனிக்கிழமை மேல்வீட்டுப் பிள்ளைகள் படம் பார்க்க வரச்சொல்லி இழுத்துக்கொண்டு போனார்கள். பார்த்தால் எங்கள் எறும்புப் படம்! ‘ஹனி, ஐ ஷ்ரங்க் த கிட்ஸ்’. சண்டையால் மூடிக்கிடந்த கண்டி வீதி 2002இல் திறந்த பிறகு மாமா கொழும்பிலிருந்து சீடி கொண்டுவந்தாரே, அதுதான். தேனீயில் பறக்கிற இடத்தில் நின்று நின்று ஓடும், அப்பா சாரத்தால் துடைத்துத் துடைத்துப் போடுவார்.

படம் வந்தது 1989இல், நான் பிறக்கவும் முந்தி. மேல்வீட்டுப் பிள்ளைகளின் கையில் எந்த நேரமும் டேப்லெட். ஆனாலும், ஒரு தகப்பன் செய்த மெசினால் கால் அங்குலமாய்ச் சுருங்கிய நாலு பிள்ளைகள் புல்லுக்குள் நடக்கத் தொடங்கியதும் அதைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அந்தப் புல்லை மெக்சிகோவில் ஒரு ஸ்டூடியோவுக்குள் மரம் மாதிரிச் செய்து நட்டார்களாம். எறும்பும் செய்த பொம்மைதான். அதனால்தான் அதைக் கையால் தடவலாம் போல இருக்கிறது. இப்போது வரும் படங்களில் எனக்கு அது கிடைப்பதில்லை.

பிள்ளைகளோடு கூட்டாகிவிட்ட அந்த எறும்பு தேளோடு சண்டை பிடித்துச் செத்ததும் சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சியும் அந்த இடத்தில்தான் அழுவாள். பிறகு குசினிப் படியில் எறும்புக்குச் சீனி வைத்து உங்களிடம் பேச்சு வாங்குவாள். ஆராவது சின்னனாகிக் கிடந்தால் என்று முற்றத்தைக் கூட்டவும் விடமாட்டாள்.

அப்போது எனக்கு எறும்புதான் பெரிது. இந்த முறை தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் தன் பிள்ளைகளைத் தானே கூட்டி அள்ளிக் குப்பையில் போட்ட மனிதர், பிறகு புல்லை மிதிக்கப் பயந்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கண்ணாடி வைத்துத் தேடுகிறார். நடித்த ரிக் மொரானிஸ் இந்த டொரொண்டோவில் பிறந்தவர். 1991இல் மனைவி இறந்தபின், பிள்ளைகளை வளர்க்க வேண்டுமென்று நடிப்பை மெல்ல மெல்ல விட்டவர். தங்கச்சியின் தோடு தொலைந்த அன்று அப்பா டோர்ச்சோடு முருங்கையடியில் முழங்காலில் நின்றது கண்ணுக்குள் வந்தது.

பிள்ளைகள் நிற்பது தங்கள் வளவுக்குள்தான், அம்மா. வீடு அங்கேதான் இருக்கிறது. இவர்கள் கத்துவதுதான் கேட்காது. என்னால் இருக்க முடியவில்லை. தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே வந்துவிட்டேன்.

சரி, அலுவலுக்கு வருகிறேன். அப்பாவின் கண் ஒப்பரேசனைத் தைக்குப் பிறகு பார்ப்போம் என்று தள்ள வேண்டாம். இந்த மாதக் காசு பத்து நாள் பிந்தும். வேலையிடத்தில் கணக்கு மாற்றுகிறார்கள், வேறொன்றும் இல்லை. சீட்டுக் காசை மட்டும் மாமாவிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டுங்கள். தங்கச்சியின் சாதகத்தை மானிப்பாய் ஆட்களுக்குக் கொடுக்க முன் அவளையும் ஒரு சொல் கேளுங்கள். அலுமாரி ஒதுக்கும்போது அந்தச் சீடி இருந்தால் எறிந்துவிட வேண்டாம். கிழக்கு வேலியை அடைக்கும் நாளில் பழைய கதியாலை விட்டு ஒரு சாண்கூட உள்ளே விடாதீர்கள். பக்கத்து வளவுக்காரரோடு மாமாவே கதைக்கட்டும், அப்பா கதைத்தால் சண்டையில்தான் முடியும்.

அன்பு மகன்