5893-ஐ வாங்கியவருக்கு ஒரு கடிதம்

வணக்கம்.

2025 பிப்ரவரி 5 அன்று பாரிஸில், லூவ்ர் வளாகத்தில் நடந்த ஏலத்தில் 3 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் யூரோ கொடுத்து ஒரு ஃபெராரி வாங்கினீர்கள். நம் பணத்தில் 300 கோடி ரூபாயைத் தாண்டும். 250 எல்எம் மாடல், அந்தத் தனிக் காரின் அடையாளமான சேஸி எண் 5893. அந்தக் காரை முன்னிட்டு உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்தக் கடிதம். கார் வந்த வழியைச் சொல்லாமல் நேராகக் கேட்டால் சரியாக இருக்காது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதையாகவே இருக்கும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், 1965இல், இந்தக் கார் ஜெயிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. முதலில், அது ஓடிய புரோட்டோடைப் பிரிவு, அதாவது பந்தயத்துக்கென்றே கட்டும் கார்களின் பிரிவு, அதற்கு நினைத்திருந்த இடமே அல்ல. நிறுவனர் என்ஸோ ஃபெராரி அதை, விற்பனைக்கான கார்களை ஒட்டிய ஜிடி பிரிவில் சேர்க்கத்தான் ஆசைப்பட்டார். தன் பழைய ஜிடி காரான 250 ஜிடிஓவின் மறுவடிவம் என்று காட்டுவதற்காக, எஞ்சின் 3.3 லிட்டருக்கு வளர்ந்த பிறகும் 3 லிட்டர் எஞ்சினைக் குறிக்கும் 250 என்ற பெயரையே வைத்திருந்தார். ஆனால் ஜிடிஓவுக்கு எஞ்சின் முன்னால், இதற்கு ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். யாரை ஏமாற்ற முடியும்? ஜிடி என்று ஏற்க 100 கார்கள் கட்ட வேண்டும் என்பது விதி, ஃபெராரி மொத்தமாகக் கட்டியதே 32தான். சர்வதேச மோட்டார் பந்தயச் சம்மேளனம் மறுத்துவிட்டது. என்ஸோவுக்கு வந்த கோபத்தில் இத்தாலியப் பந்தய உரிமத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார். 1964 ஃபார்முலா ஒன் பருவத்தின் கடைசி இரண்டு பந்தயங்களில் ஓட்டுநர் ஜான் சர்டீஸின் ஃபெராரி வழக்கமான சிவப்பில் அல்ல, லூயிஜி கினெட்டியின் அமெரிக்க அணியான நார்த் அமெரிக்கன் ரேசிங் டீமின் நீலம் வெள்ளையில் ஓடியது அதனால்தான்.

இப்படி எல்எம் புரோட்டோடைப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அங்கே எதிரில் நின்றவை ஃபெராரி தொழிற்சாலையின் புத்தம் புதிய 330 பி2 கார்கள், ஃபோர்டின் 7 லிட்டர் ராட்சதர்கள். அவற்றுக்கு நடுவே கினெட்டி அணியின் 21ஆம் எண் காராக 5893 நின்றது. ஓட்டுநர்கள் இருவர். கண்ணாடி இல்லாமல் கண் தெரியாத கான்சாஸ் சிட்டிக்காரர் மாஸ்டன் கிரெகரி ஒருவர். இன்னொருவர் 23 வயது ஆஸ்திரியர் யோகன் ரிண்ட்.

ஆரம்பமே மோசம். இக்னிஷன் கோளாறில் 12 சிலிண்டர்களில் பாதி வேலை செய்யாமல் கார் தத்தளித்துக்கொண்டு பிட்டுக்கு, அதாவது தடத்தின் ஓரத்தில் பழுது பார்க்கும் இடத்துக்கு, வந்தது. சரிசெய்வதற்குள் நிறைய நேரம் போய்விட்டது. கதை முடிந்தது என்று ரிண்ட் கிளம்பவே தயாராகிவிட்டாராம். அதற்கப்புறம் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இனி காரைக் காப்பாற்றிப் பயனில்லை, உடைந்தால் உடையட்டும், முழு வேகத்தில் ஓட்டுவோம்.

உடைந்தவை மற்ற கார்கள். ஃபோர்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஃபெராரியின் பி2 கார்களுக்குப் புதிதாகக் கொடுத்திருந்த, உள்ளே காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்ட பிரேக் டிஸ்க்குகள் விரிசல் விட்டன. எல்எம்மில் இருந்தவை பழைய மாதிரியான கெட்டி டிஸ்க்குகள், அவை தாங்கின. ஞாயிறு நண்பகல் வாக்கில் முன்னிலையில் இருந்தது பியர் டுமேயின் மஞ்சள் கார். அதுவும் எல்எம்தான். அதற்குப் பின்டயர் வெடித்தது. 21 முன்னால் வந்துவிட்டது.

எனக்கு இந்தப் பந்தயத்தில் மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. 20 மணி நேரத்துக்கு மேல் ஈவிரக்கமின்றி ஓட்டிய காரின் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி, கடைசியில் அரைபடத் தொடங்கியது. ஸ்டியரிங்கில் இருந்தது கிரெகரி. வளைவு வரும்போதெல்லாம் கிளட்சை மிதித்து, டிஃபரன்ஷியலுக்கு எஞ்சினின் சுமை போகாமல் காரை உருள விட்டு, நேர்ப்பாதை வந்த பிறகு மெதுவாகக் காலை எடுத்தார். பந்தயக் காரை முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர் என்று பெயர் வாங்கியவர், நோயாளியைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறவரைப் போல அதைக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டாவது வந்த மஞ்சள் காரைவிட ஐந்து சுற்று முன்னிலை.

கினெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1949இல் ஃபெராரிக்கு முதல் லெ மான் வெற்றியைத் தேடித் தந்தவர் அவர்தான், அன்று ஏறக்குறைய முழுப் பந்தயத்தையும் தனி ஆளாக ஓட்டினார். 1965இல் ஜெயித்தது அவருடைய அணி. அடுத்த ஃபெராரி வெற்றிக்கு 2023 வரை, 58 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொருவர் எட் ஹூகஸ். பிட்ஸ்பர்க்கில் கார் விற்றவர், 1956 முதல் லெ மானுக்குப் போய் ஓட்டியவர், அந்த வருடம் 21ஆம் காரின் மாற்று ஓட்டுநர். விடிவதற்கு முந்தைய மூடுபனியில் கண் தெரியவில்லை என்று கிரெகரி பிட்டுக்கு வந்ததாகவும், ரிண்டைத் தேடியும் கிடைக்காததால் கினெட்டி தன்னை ஏற்றி அனுப்பியதாகவும் பல வருடம் கழித்து ஒரு ரசிகருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். அதிகாரபூர்வப் பதிவில் இது இல்லை. மாற்று ஓட்டுநர் ஏறிவிட்டால் இறங்கியவர் மறுபடி ஓட்டக்கூடாது என்பது அன்றைய விதி என்பதால், நடந்திருந்தாலும் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நான் ஹூகஸ் பக்கம். ரிண்ட் 1970இல் மோன்ஸாவில் இறந்தார், கிரெகரி 1985இல் போனார், ஹூகஸ் 2006இல். இனி சாட்சி சொல்ல மூவரில் ஒருவரும் இல்லை, உங்கள் கார்தான் இருக்கிறது.

லெ மானில் ஜெயித்த காரை அதோடு ஓய்வுக்கு அனுப்பாதது கினெட்டி அணியின் பெருந்தன்மையோ வறுமையோ, எனக்கு அதில் சந்தோஷம். 1969இல் மறுபடி லெ மான், சாம் போசியும் தியோடோரோ ஸெக்கோலியும் ஓட்டி எட்டாவது இடம். 1970இல் அமெரிக்காவின் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் கினெட்டியின் மகனும் கிரெக் யங்கும் ஓட்டி ஏழாவது இடம். அதற்குள் புதுக் கார்கள் எவ்வளவோ வேகமாகிவிட்டிருந்தன. அந்த வருடமே இண்டியானபோலிஸ் மோட்டார் ஸ்பீட்வே அருங்காட்சியகம் அதை வாங்கியது. பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஒரே உரிமையாளர். இந்த ரகக் கார்கள் கைமாறிக் கைமாறி, நொறுங்கி, எஞ்சின் ஒன்று உடல் ஒன்று என்று பிரிந்துபோன காலத்தில் 5893 முழுசாகத் தப்பியதற்கு அந்த அருங்காட்சியகத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நிதி திரட்டத்தான் அவர்கள் அதை விற்றார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது கோரிக்கை. தயவுசெய்து இதை ஓட்டுங்கள். குளிரூட்டிய கிடங்கில் துணி போர்த்தி, விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். புதுசு போலப் பளபளப்பாக்கி உலோகத்தின் வயதை மறைக்கவும் வேண்டாம். லெ மான் கிளாசிக் பந்தயங்களில் பழைய கார்கள் அதே சாலையில் இரவிலும் ஓடுகின்றன. ஒரு முறையாவது அங்கே கொண்டுபோங்கள். உடையும் என்று பயந்தால் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள், டிஃபரன்ஷியலை எப்படிக் காப்பாற்றுவது என்று கிரெகரி காட்டியிருக்கிறார். காரை எங்கே நிறுத்திக் காட்டினாலும், பக்கத்தில் வைக்கிற பலகையில் கிரெகரி, ரிண்ட் பெயர்களுக்குக் கீழே 'மாற்று ஓட்டுநர்: எட் ஹூகஸ்' என்று ஒரு வரி சேருங்கள். அவர் மாற்று ஓட்டுநராக இருந்ததை யாரும் மறுக்கவில்லை. அந்த வரியைப் பார்க்கிறவர் யார் இவர் என்று கேட்டால், மிச்சக் கதையை நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
அந்தக் காரின் ஒரு ரசிகன்